குவாண்டம் வலையமைப்பு: கேபிள் குழிக்குள்ளும் இறங்கிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குவாண்டம் தகவல்தொடர்பு பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசியலுக்கும் விளையாட்டுக்கும் நடுவே இப்படியொரு விஷயத்துக்கு இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், ஒளித் துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பி ரகசியச் சாவியைப் பகிரும் இந்த முறையை ‘யாராலும் உடைக்க முடியாத’ ஒன்று என்று அதில் திரும்பத் திரும்பச் சொல்வதை ஏற்க முடியவில்லை. அதைவிட முக்கியமான குறை இன்னொன்று. ஒற்றை ஃபோட்டான், அதாவது ஒளியின் ஆகச் சிறிய ஒரு துகள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எதன் வழியாகப் போகிறது, போகும் வழியில் என்ன ஆகிறது என்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நான் தொலைபேசித் துறையில் கண்ணாடி இழை கேபிள் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த வழியை எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

இந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படைக் கட்டுரை உலகின் முன் வைக்கப்பட்டது நம் பக்கத்து ஊரில் என்பதைத் தங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம். 1984 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஒரு பன்னாட்டுக் கணினி மாநாட்டின் தொகுப்பில்தான் சார்லஸ் பென்னெட், கில் பிராசார் ஆகிய இருவரின் ஐந்து பக்கக் கட்டுரை வந்தது. அதில் அவர்கள் விவரித்த முறையை இன்று உலகம் முழுவதும் ‘பி.பி.84’ என்கிறார்கள். பி.பி. என்பது அவ்விருவரின் பெயர் முதலெழுத்துகள். 84 அந்த ஆண்டு. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1989இல், அவர்களே அதைச் செய்து காட்டினார்கள். அப்போது ஃபோட்டான் பயணம் செய்த தூரம் 32.5 சென்டிமீட்டர். மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக்கூட இல்லை.

முறை இதுதான். அனுப்புபவர் ஒவ்வொரு ஃபோட்டானையும் நான்கு தளவிளைவு நிலைகளில் (ஒளி அதிரும் திசைகளில்) ஏதேனும் ஒன்றில் வைத்து அனுப்புகிறார்: செங்குத்து, கிடை, இரண்டு சாய்வுகள். பெறுபவர் ஒவ்வொன்றையும் செங்குத்து–கிடை அளவீட்டில் வைத்துப் பார்ப்பதா, சாய்வு அளவீட்டில் வைத்துப் பார்ப்பதா என்று தன் போக்கில் தேர்ந்துகொள்கிறார். எல்லாம் முடிந்த பிறகு இருவரும் சாதாரணத் தொலைபேசியிலேயே பேசி, எந்தெந்த ஃபோட்டானுக்கு ஒரே அளவீட்டைப் பயன்படுத்தினோம் என்பதை மட்டும் ஒப்பிடுகிறார்கள். விடையைச் சொல்வதில்லை. ஒத்துப்போகாத பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒத்துப்போன பாதியை மறைக்குறிச் சாவியாக, அதாவது செய்தியைப் பூட்டும் ரகசிய எண்வரிசையாக, வைத்துக்கொள்கிறார்கள். இதில் அனுப்பப்படுவது செய்தி அல்ல, சாவி மட்டுமே. அந்தச் சாவியால் பூட்டிய செய்தி வழக்கமான வழியிலேயே போகும். தங்கள் கட்டுரை இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

நடுவில் ஒருவன் ஒட்டுக்கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஃபோட்டானை அவன் அளந்து பார்த்தால்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். எந்த அளவீட்டில் பார்ப்பது என்பது அவனுக்குத் தெரியாது. பாதி முறை தவறாகத்தான் பார்ப்பான். அப்படித் தவறாகப் பார்த்த மாத்திரத்தில் ஃபோட்டானின் நிலை மாறிவிடும். நகலெடுத்து வைத்துக்கொண்டு அசலை அனுப்பிவிடலாமா என்றால், அதற்கும் வழியில்லை. தெரியாத ஒரு குவாண்டம் நிலையை அப்படியே நகலெடுக்க இயற்கை அனுமதிக்காது என்று 1982இலேயே நிறுவிவிட்டார்கள். ஆக, எல்லா ஃபோட்டான்களையும் அவன் பிடித்துப் பார்த்து மறுபடி அனுப்பினால், சாவியில் நான்கில் ஒரு பங்கு பிழை ஏறிவிடும். சாவியிலிருந்து ஒரு சிறு பகுதியை எடுத்து இரு தரப்பும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், ஆள் நுழைந்திருப்பது தெரிந்துவிடும். அந்தச் சாவியைப் பயன்படுத்தாமல் விட்டுவிடலாம். இந்த முறையின் உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது: திருடன் வந்தால் தெரிந்துவிடும். உடைக்கவே முடியாது என்பது வேறு கூற்று.

ஏன் ஒற்றை ஃபோட்டான் என்று கேட்கலாம். ஒரே நிலையில் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து போனால் ஒட்டுக்கேட்பவன் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றதைப் போக விட்டுவிடுவான். பிழை எதுவும் தெரியாது. அதனால் ஒவ்வொன்றாகத்தான் அனுப்ப வேண்டும். சொல்வது எளிது. நான் பணியில் இருந்தபோது பார்த்த கருவிகள் ஒரு மில்லிவாட் அளவில் ஒளியை அனுப்பின. 1,550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு மில்லிவாட் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 7,800 லட்சம் கோடி ஃபோட்டான்கள். அந்தப் பெருவெள்ளத்தில் பாதி வழியிலேயே தொலைந்தாலும் எங்களுக்குக் கவலை இருந்ததில்லை.

என் அண்ணன் மகள் ஓர் ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு இந்தத் துறையில்தான் வேலை செய்கிறாள். அவளுடைய ஆய்வகத்தைப் பார்க்க ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. காலணியைக் கழற்றிவிட்டு, கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போனோம். கதவு இடுக்குகளைக்கூடக் கறுப்பு ரப்பரால் அடைத்திருந்தார்கள். காற்று மெத்தையின் மேல் மிதக்கும் எஃகு மேசை. அதில் கண்ணாடிகளும் வில்லைகளும் திருகாணிகளில் நிற்கின்றன. ஊதா நிற லேசர் ஒளி, சுண்டு விரல் நகம் அளவேயான ஒரு படிகத்துக்குள் போகிறது. 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளியின் ஃபோட்டான்களில் மிக மிகச் சிலதான் உள்ளே இரண்டாகப் பிரிந்து, 810 நானோமீட்டர் இரட்டையராக வெளிவருகின்றன. அந்த இரட்டையரில் ஒன்றை ஒரு டிடெக்டர் (ஃபோட்டானை உணர்ந்து எண்ணும் கருவி) பிடித்தால், மற்றது இதோ வருகிறது என்று அறிவிப்புக் கிடைத்துவிட்டதாக அர்த்தம். அப்படித்தான் ஒற்றை ஃபோட்டான் கைக்கு வருகிறது.

விளக்கை அணைத்தபின் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. லேசரை மூடிய பிறகும் எண்கள் நிற்கவில்லை, குறைந்தன, அவ்வளவுதான். “எதையும் அனுப்பாதபோது இது எதை எண்ணுகிறது?” என்று கேட்டேன். “அது இருட்டு எண்ணிக்கை, சித்தப்பா. டிடெக்டர் தன் வெப்பத்தினாலேயே அவ்வப்போது தானாகச் சொடுக்கும். அதைக் குறைக்கத்தான் குளிர வைக்கிறோம். அந்த மின்வழங்கியின் பச்சை விளக்கைப் பாருங்கள், அதற்கும் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறோம்” என்றாள். பொட்டு அளவு விளக்குத்தான். அதற்கும் மூன்று அடுக்கு டேப். எண்ணுவது ஒவ்வொரு துகளாக என்றால் கவனம் இந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இரவு பகலாகச் செய்யும் வேலையின் அருமையைச் செய்தித்தாள்கள் இந்தக் கோணத்திலிருந்து எழுதினால் படிக்கிற மாணவர்களுக்கு ஆசை வரும்.

ஒளி ஒற்றைத் துகளாகத்தான் வருகிறது என்று எப்படித் தெரியும் என்பதற்கும் அழகான சோதனை உண்டு. பாதியைக் கடத்திப் பாதியைத் திருப்பும் கண்ணாடியின் இரு பக்கமும் ஒவ்வொரு டிடெக்டரை வைக்க வேண்டும். வருவது ஒரே ஒரு ஃபோட்டான் என்றால் இரண்டும் ஒன்றாகச் சொடுக்கக் கூடாது. பிரான்ஸில் கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே ஆகியோர் 1986இல் வெளியிட்ட சோதனை இது. அவர்களில் ஆலன் ஆஸ்பே 2022இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எந்த ஒளியைப் பழைய அலைக் கொள்கையால் விளக்க முடியும், எதை விளக்கவே முடியாது என்று பிரித்துக் காட்டும் கணிதத்தை 1963இல் கொடுத்தவர்களில் ஒருவர் நம்மவர். கோட்டயத்துக்கு அருகில் பிறந்து, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் படித்து, பின்னாளில் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்த இ.சி.ஜி.சுதர்சன். 2005ஆம் ஆண்டின் நோபல் பரிசில் ஒளியின் குவாண்டம் கொள்கைக்கான பங்கு ராய் கிளாபருக்குப் போனது. சுதர்சன் பெயர் விடுபட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. இத்துறையைப் பற்றிச் சென்னையிலிருந்து ஒரு நாளிதழ் எழுதும்போது அவர் பெயர் வர வேண்டும்.

இந்தியாவில் நடந்தவற்றைத் தங்கள் கட்டுரை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது. வரிசையாகப் பார்த்தால்தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று புரியும். 2020 டிசம்பரில் ஹைதராபாத்தில் டி.ஆர்.டி.ஓ.வின் இரண்டு ஆய்வகங்களுக்கு இடையே இந்தச் சாவிப் பரிமாற்றத்தைச் செய்து பார்த்தார்கள். 2021 தொடக்கத்தில் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் உர்பசி சின்ஹா குழுவினர் இரண்டு கட்டடங்களுக்கிடையே, 50 மீட்டர் திறந்தவெளியில் செய்து காட்டினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் இஸ்ரோ அகமதாபாத்தில் 300 மீட்டரில் செய்தது. 2022 பிப்ரவரியில் டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேல், ஏற்கெனவே தரையில் புதைந்திருந்த வணிகத் தரக் கண்ணாடி இழையிலேயே சாவியை அனுப்பின. இந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு உண்டான பெருமிதத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. எங்களைப் போன்றவர்கள் புதைத்த கேபிளில் ஃபோட்டான் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது!

2025 ஜூனில் டெல்லி ஐ.ஐ.டி. வளாகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் திறந்தவெளியில், பின்னிப் பிணைந்த (ஒன்றை அளந்தால் மற்றதன் விடையும் அதோடு ஒத்துவரும்) ஃபோட்டான் இணைகளைக் கொண்டு செய்த சோதனையில் கிடைத்த வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 240 பிட்டுகள். பிழை விகிதம் 7 சதவீதத்துக்குள். தங்கள் வாசகர்களுக்கு இந்த 240 என்ற எண் சின்னதாகத் தோன்றலாம். இன்று பரவலாகப் பயன்படும் வலுவான மறைக்குறிச் சாவி ஒன்றுக்கு 256 பிட்டுகள் போதும். ஒரு வினாடிக்குச் சற்றே அதிகமான நேரத்தில் ஒரு புதுச் சாவி என்று சொன்னால் யாருக்கும் விளங்கும். தூரம், வேகம், பிழை விகிதம் ஆகிய மூன்று எண்களும் இல்லாமல் இந்தத் துறையில் எந்தச் செய்தியையும் வெளியிடக் கூடாது என்பது என் கருத்து. இவை இருந்தால் வாசகரே இன்றைய சாதனையை நேற்றையதோடு ஒப்பிட்டுக்கொள்வார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030–31 வரை 6,003.65 கோடி ரூபாய். அதன் இலக்குகளில் ஒன்று, இருக்கிற கண்ணாடி இழைகளிலேயே ஊர்களுக்கிடையே 2,000 கிலோமீட்டருக்கு இந்தச் சாவிப் பரிமாற்றத்தை நடத்துவது. தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில், மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் துணையோடு அமைகிறது. மிக நல்ல செய்தி. ஆனால் ‘இருக்கிற கண்ணாடி இழை’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிற அந்தப் பொருள் எந்த நிலையில் இருக்கிறது?

நல்ல இழையில் 1,550 நானோமீட்டர் ஒளிக்குக் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் இழப்பு. டெசிபல் என்பது இழப்பின் அளவுகோல். பத்து டெசிபல் போனால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். 50 கிலோமீட்டர் போனால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 100 கிலோமீட்டர் போனால் நூற்றில் ஒன்று. 200 கிலோமீட்டருக்குப் பத்தாயிரத்தில் ஒன்று. இது கண்ணாடியின் குணம். இதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கேபிள் 100 கிலோமீட்டருக்கு ஒரே துண்டாக வருவதில்லை. டிரம் ஒன்றுக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். ஆக, நூறு கிலோமீட்டரில் ஐம்பது ஜாயின்ட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் சுத்தமாகப் போட்டு 0.05 டெசிபலில் நிறுத்தினால் மொத்தம் இரண்டரை டெசிபல்: வந்த ஃபோட்டான்களில் 44 சதவீதம் அங்கேயே போய்விடும். அவசரமாகப் போட்டு 0.1 என்று விட்டால் ஐந்து டெசிபல்: மூன்றில் இரண்டு பங்கு போச்சு. அதாவது மறுமுனைக்கு நூற்றில் ஒன்று வந்து சேர வேண்டியது, முந்நூறுக்கு ஒன்றாகிவிடும்.

சாதாரணத் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் இது ஒரு பொருட்டல்ல. வழியில் ஒளிப் பெருக்கியை வைத்து ஊதிப் பெருக்கிவிடுவோம். ஒற்றை ஃபோட்டானைப் பெருக்க முடியாது. நகலெடுக்க முடியாது என்ற அந்த இயற்கை விதி ஒட்டுக்கேட்பவனைத் தடுக்கிறது என்றால், நம்மையும் அதே விதிதான் தடுக்கிறது. மேலணையில் திறந்த தண்ணீர் வாய்க்கால் ஓட்டைகளில் கசிந்துபோனால் கடைமடைக்காரன் என்ன செய்வானோ, அதே நிலைதான் மறுமுனை டிடெக்டருக்கும்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஃபோட்டான் வரத்துக் குறையக் குறைய, டிடெக்டர் தானாகச் சொடுக்கும் அந்த இருட்டு எண்ணிக்கையின் பங்கு கூடுகிறது. தானாகச் சொடுக்கியது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. ஆகவே பிழை விகிதம் ஏறுகிறது. பிழை எதனால் ஏறியது என்று இந்த முறை ஆராய்வதில்லை. எல்லாப் பிழையையும் ஒட்டுக்கேட்பவன் கணக்கில்தான் எழுதிக்கொள்ளும். பாதுகாப்பு வேண்டுமென்றால் அப்படித்தான் எழுதிக்கொள்ள வேண்டும். பி.பி.84 முறையில் பிழை 11 சதவீதத்தைத் தாண்டினால் வழக்கமான வழியில் சாவி எடுக்க முடியாது. ஆக, மோசமாகப் போட்ட ஜாயின்ட்களும் உளவாளியும் இயந்திரத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். கேபிள் குழிக்குள் நடக்கும் வேலை, நேராகச் சாவியின் பாதுகாப்புக் கணக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஜாயின்ட் போடுவது எப்படி என்று தங்கள் வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லட்டுமா? இழையின் மேலுறையை உரித்து, ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, கிளீவரில் வைத்து முனையை நேர்கோணத்தில் வெட்ட வேண்டும். இழையின் குறுக்களவு 125 மைக்ரான். ஒளி போகும் நடுப்பகுதி அதில் ஏறத்தாழ 9 மைக்ரான்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் ஒரு கூறுக்கும் குறைவு. இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினில் எதிரெதிரே வைத்தால், சின்னத் திரையில் இரண்டு தூண்களைப் போலத் தெரியும். முனையில் ஒரு தூசு இருந்தாலும், வெட்டு அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் திரையிலேயே தெரியும். சரியாக இருந்தால் மின்பொறி அடித்து இரண்டையும் உருக்கி ஒட்டும். அதன்மேல் பாதுகாப்புக் குழலைச் சுருக்கி, தட்டில் வளையமாகச் சுற்றி வைத்து மூட வேண்டும். வளையம் இறுகிப்போனால் அங்கேயும் ஒளி கசியும். 1,550 நானோமீட்டரில் அந்தக் கசிவு இன்னும் அதிகம். பிறகு, இழையில் எங்கெங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓ.டி.டி.ஆர். கருவியால் அளக்க வேண்டும், இரண்டு முனைகளிலிருந்தும். ஒரு முனையிலிருந்து மட்டும் அளந்தால் கருவி சில ஜாயின்ட்களில் இழப்புக்குப் பதிலாக லாபம் காட்டும். இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுத்தால்தான் உண்மை தெரியும்.

இத்தனையும் எங்கே நடக்கிறது? எங்கள் பக்கத்தில் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழியைத் தோண்டினால் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். வாளியால் இறைத்துக்கொண்டே, தார்ப்பாய்க்கு அடியில், டார்ச் வெளிச்சத்தில் இழையைத் துடைப்போம். சாலை அகலப்படுத்தும் பணி, குடிநீர்க் குழாய்ப் பணி என்று எது வந்தாலும் மண் அள்ளும் இயந்திரத்தின் பல்லில் முதலில் சிக்குவது கேபிள்தான். அறுந்த இடத்தில் புதுத் துண்டு சேர்த்தால், ஒரு வெட்டுக்கு இரண்டு ஜாயின்ட் கூடும். பல வருடங்களாக இப்படி வெட்டுப்பட்டு ஒட்டுப்பட்ட பாதைகள் எத்தனை! வரைபடத்தில் அது ஒரே நேர்கோடு. அந்த வேலையைச் செய்பவர்கள் இன்று பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நான் பார்த்த இடங்களில் ஒரு ஜாயின்ட்டுக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டாம் முனைக்குப் போய் அளந்து பார்க்க யாரும் காசு கொடுப்பதில்லை. இணைப்பு வந்துவிட்டதா, மூடு, அடுத்த இடத்துக்குப் போ. அந்தத் தம்பிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வேலையின் மேல் இனி என்ன நிற்கப் போகிறது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அதே இழையில் இணையப் போக்குவரத்தும் சேர்ந்து ஓடினால் இன்னொரு தொல்லை. வலுவான ஒளி கண்ணாடிக்குள் போகும்போது அதில் ஒரு சிறு பங்கு நிறம் மாறிச் சிதறும். 1928 பிப்ரவரி 28 அன்று சர் சி.வி.ராமன் கண்டுபிடித்ததாக நாம் ஆண்டுதோறும் அறிவியல் நாள் கொண்டாடுகிறோமே, அதே ராமன் விளைவுதான். அப்படிச் சிதறிய ஃபோட்டான்கள் சாவி போகும் அலைநீளத்துக்குள் நுழைந்தால் டிடெக்டர் அவற்றையும் எண்ணிவிடும். பொறியாளர்கள் இதற்கு அலைநீளத்தைத் தள்ளி வைத்தும், வடிகட்டி போட்டும் வழி கண்டிருக்கிறார்கள். திருச்சியில் பிறந்தவர் கண்டறிந்த விளைவு இன்று பொறியாளர்களுக்குச் சவாலாக நிற்கிறது. அவர் 1948இல் நிறுவிய ஆய்வு நிறுவனத்தில்தான் இந்தச் சாவிப் பரிமாற்ற ஆராய்ச்சியும் நடக்கிறது. ஆங்காங்கே யாரும் பயன்படுத்தாத வெற்று இழைகள் கேபிளுக்குள் இருக்கின்றன. அவற்றில் நல்லவற்றைத் தேர்ந்து இதற்கென்றே ஒதுக்கினால் பாதித் தொல்லை தீரும். எந்த இழை நல்லது என்று சொல்ல அளந்து வைத்த பதிவேடு வேண்டும்.

இழையை விட்டுவிட்டு வானத்துக்குப் போகலாமே என்று கேட்பார்கள். சீனா 2016 ஆகஸ்டில் ‘மிசியஸ்’ செயற்கைக்கோளை அனுப்பி, மறு ஆண்டே பெய்ஜிங்குக்கும் வியன்னாவுக்கும் இடையே சாவியைப் பகிர்ந்து காணொலியில் பேசியது. நம் திட்டத்திலும் செயற்கைக்கோள் இருக்கிறது. தரை நிலையத்துக்கு லடாக்கின் ஹான்லே நல்ல இடம் என்று ராமன் ஆய்வு நிறுவனத்தினரே கணித்திருக்கிறார்கள். ஆனாலும் ஹான்லேயில் இறங்கிய சாவி ஓர் அலுவலகத்தின் மேசைக்கு வந்து சேர வேண்டுமென்றால் கடைசியில் கேபிள்தான். சீனாவே பெய்ஜிங்–ஷாங்காய்க்கு 2,000 கிலோமீட்டர் இழைப் பாதை போட்டுத்தான் வைத்திருக்கிறது. அதில் 32 இடைநிலையங்கள். ஒவ்வோர் இடைநிலையத்திலும் சாவி ஃபோட்டானிலிருந்து இறங்கி, சாதாரண எண்ணாகக் கணினியில் இருந்துவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் புறப்படுகிறது. அந்த நேரத்தில் அதைக் காப்பது இயற்பியல் அல்ல. பூட்டு, காவலாளி, கேமரா, நேர்மையான ஊழியர். 2,000 கிலோமீட்டருக்கு நாமும் இப்படி இடைநிலையங்கள் கட்டத்தான் போகிறோம். இதை மறைத்துவிட்டு ‘உடைக்க முடியாத’ என்று எழுதுவது மக்களைத் தவறாக வழிநடத்தும்.

கருவிகளிலும் ஓட்டை இருக்கும். டிடெக்டருக்குள் வலுவான ஒளியைப் பாய்ச்சி அதைக் குருடாக்கி, தாங்கள் விரும்பியபடி சொடுக்க வைக்க முடியும் என்று 2010இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் விற்பனைக்கு வந்த கருவிகளிலேயே செய்து காட்டினார்கள். கோட்பாடு பொய்க்கவில்லை, செய்த பொருளில் குறை. அதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னதால்தான் அடுத்த தலைமுறைக் கருவிகள் மேம்பட்டன. நம் ஆய்வகங்களுக்கும் அப்படித் தாக்கிப் பார்க்கும் குழுக்கள் வேண்டும். குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதவை என்று கருதப்படும் புதிய கணித முறைகளை 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. அது போதுமே, ஃபோட்டான் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. மின்கட்டணத்துக்கும் வங்கிச் செயலிக்கும் அந்தக் கணிதமே போதும் என்றுதான் நானும் நினைக்கிறேன். பல பத்தாண்டுகள் காக்க வேண்டிய ரகசியங்களுக்கு இரண்டும் இருக்கட்டும்.

என் வேண்டுகோள் நீண்டதல்ல. 2,000 கிலோமீட்டர்ப் பாதைக்கு இழைகளைத் தேர்ந்தெடுக்கும் முன், ஒவ்வொரு பகுதியையும் இரு முனைகளிலிருந்தும் அளந்து, ஜாயின்ட் வாரியாக இழப்பைப் பதிவு செய்ய வேண்டும். மோசமான ஜாயின்ட்களை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும். அதற்கான செலவைக் குவாண்டம் இயக்கத்தின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். டிடெக்டரின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. ஜாயின்ட் போடும் தொழிலாளர்களுக்குக் கூலியை எண்ணிக்கைக்கு என்று கொடுக்காமல், அளவுக்குள் வந்த ஜாயின்ட்டுக்கு என்று உயர்த்திக் கொடுக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் படிக்கிற பிள்ளைகளைச் சென்னையில் அமையும் மையத்துக்கு அழைத்துப் போய், ஒற்றை ஃபோட்டானை எண்ணும் திரையைக் காட்ட வேண்டும். தாங்கள் போடும் ஒரு ஜாயின்ட்டால் அந்த எண் எவ்வளவு குறைகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்தால் போதும்.

தங்களுக்கும் ஒன்று. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, ஆய்வகத்துக்கு அனுப்பும் நிருபரைக் கேபிள் பழுது பார்க்கும் குழுவோடும் ஒருநாள் அனுப்பிவையுங்கள். எங்கள் பகுதிக்கு வந்தால் இப்போது பணியில் இருக்கும் தம்பிகளிடம் நானே அழைத்துச் செல்கிறேன். மழைக்காலத்தில் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தொலைபேசித் துறையில் கண்ணாடி இழைப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
மயிலாடுதுறை